பட்டம் வாங்கிய பிறகு பாதை வளைந்தால் படிப்பு வீணா? திரும்பி வருவது எப்படி?

வந்த கேள்வியின் சுருக்கம்: "சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2011-இல் உயிரியல் முடித்தேன். முதலில் துவாஸில் ஒரு மருந்து ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை. பிறகு ஒரு மருத்துவமனையில் மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பாளர். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டேன், நான்கு ஆண்டு ஆகிறது. கடைசிச் சம்பளம் 4,500 வெள்ளி. இப்போது புளோக்கில் இரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் மட்டும் எடுக்கிறேன். ஒரு பாலர் பள்ளியில் பகுதிநேரத் தமிழாசிரியர் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். மருத்துவமனை விளம்பரங்களையும் பார்க்கிறேன். ரெஸ்யூமேயில் '2021 முதல் இல்லத்தரசி' என்று எழுதியிருக்கிறேன். மூத்தவளுக்கு வரும் ஜனவரியில் தொடக்கநிலை ஒன்று. எனக்கு வயது 36. கூடப் படித்தவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். 'இவ்வளவு படிச்சது இதுக்குத்தானா' என்று மாமியார் கேட்கிறார். படிப்பை வீணாக்கிவிட்டேனா? இனி எந்தப் பக்கம் போவது?"

வீணாக்கவில்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஆள் எடுக்கும் பிரிவில் நெடுங்காலம் இருந்துவிட்டு, இப்போது வேலைக்குத் திரும்பும் பெண்களுக்கு ஆலோசனை சொல்வதையே தொழிலாகச் செய்கிறேன். பட்டம் வாங்கிப் பத்துப் பதினைந்து ஆண்டு ஆன பெண்களின் ரெஸ்யூமேகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒரே துறையில் ஒரே ஏணியில் ஏறியவர்கள்தான் குறைவு. வழக்கறிஞர் தொழிலிலிருந்து பாலர் பள்ளிக்குப் போனவர், கணக்காளராக இருந்து தாதிமைப் படிப்புக்குப் போனவர், ஆசிரியர் வேலையை விட்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டு மறுபடியும் ரிலீஃப் டீச்சராகத் தொடங்கியவர் என்று எல்லா வகையும் உண்டு. உங்கள் பாதை இவர்களுடையதைவிடச் சீரானது. ஆய்வகம், மருத்துவ ஆய்வு, பிள்ளைகளுக்குப் பாடம் என்று மூன்றிலும் ஒரே படிப்பு ஓடுகிறது.

நம் ஊரில் பெண்களின் பாதை கண்ட இடத்தில் வளைவதில்லை. வளையும் இடங்களை முன்கூட்டியே சொல்லிவிடலாம். முதலாவது பிள்ளைப்பேறு. அது எல்லோருக்கும் தெரியும். சம்பளத்தோடு 16 வாரம் பேறுகால விடுப்பு இருக்கிறது, அம்மாவோ மாமியாரோ வந்து இருப்பார்கள், எப்படியோ தாண்டிவிடுகிறோம். அடுத்த வளைவைத்தான் யாரும் எதிர்பார்ப்பதில்லை. அது தொடக்கநிலை ஒன்று. முழுநாள் குழந்தைப் பராமரிப்பு நிலையம் காலை ஏழு மணிக்குத் திறந்து மாலை ஏழு வரை பிள்ளையை வைத்துக்கொள்ளும். அதே பிள்ளை ஜனவரியில் பள்ளிக்குப் போனதும் பகல் ஒன்றரை மணிவாக்கில் பள்ளி முடிந்துவிடுகிறது. அதோடு எழுத்துக்கூட்டல், தமிழ்ச் சொல்வதெழுதுதல், பள்ளியிலிருந்து வரும் அறிவிப்புகள். பாலர் பள்ளி முடிந்தால் கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்து பதவி உயர்வுக்குச் சம்மதித்த பெண்கள், அந்த ஆண்டின் மார்ச் விடுமுறைக்குள் ராஜினாமாக் கடிதம் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது வளைவு நாற்பத்தைந்துக்கு மேல். அப்பாவுக்கு டயாலிசிஸ், மாமியாருக்கு மறதி, மகனுக்குத் தொடக்கநிலை இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ, எல்லாம் ஒன்றாக வரும்.

நீங்கள் முதல் வளைவைத் தாண்டி இரண்டாவதன் வாசலில் நிற்கிறீர்கள். அதனால் வேலையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் ஜனவரி ஏற்பாட்டை முடியுங்கள். பள்ளி விட்ட பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மாணவர் பராமரிப்பு நிலையத்தில், மகள் சேரும் பள்ளியில், இடம் இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் காத்திருப்போர் பட்டியலில்தான் பெயர் இருக்கும்.

கொஞ்சம் பின்னால் போய் ஒன்று சொல்ல வேண்டும். பட்டதாரிப் பெண் என்ன செய்ய வேண்டும் என்று இந்த நாட்டில் வெகு காலமாகப் பொதுவில் பேசிவந்திருக்கிறார்கள். 1979-இல் மருத்துவப் படிப்பில் பெண்களின் எண்ணிக்கையை மூன்றில் ஒரு பங்காகக் கட்டுப்படுத்தினார்கள். பெண் மருத்துவர்கள் குடும்பத்துக்காகத் தொழிலை விட்டுவிடுவார்கள், பயிற்சிச் செலவு வீண் என்பது அதற்குச் சொன்ன காரணம். அந்தக் கட்டுப்பாடு 2003-இல்தான் போனது. 1983 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ, பட்டதாரிப் பெண்கள் பலர் மணம் முடிக்காமல் இருப்பதையும் குறைவாகப் பிள்ளை பெறுவதையும் நாட்டின் பிரச்சினையாகப் பேசினார். அடுத்த ஆண்டே பட்டதாரிகளுக்கு வரன் பார்த்துக் கொடுக்க அரசாங்கம் ஒரு பிரிவு தொடங்கியது. மூன்றோ அதற்கு மேலோ பிள்ளைகள் பெற்ற பட்டதாரித் தாயின் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளிப் பதிவில் முன்னுரிமை என்ற திட்டமும் வந்தது. எதிர்ப்பு பலமாக இருந்ததால் 1985-இல் அதைக் கைவிட்டார்கள். அவேர் என்ற பெண்கள் அமைப்பு உருவானதும் அதே 1985-இல்தான்.

உங்கள் மாமியார் அந்தப் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை. "படிச்சது வீணா" என்ற கேள்வியை அவர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பெண்ணின் படிப்பைச் செலவாகவும், அவள் வேலையில் இருப்பதை அந்தச் செலவுக்கு வரவாகவும் கணக்குப் போட்ட காலம் அது. அந்தக் கணக்கு நம் வீட்டுச் சாப்பாட்டு மேசை வரை வந்திருக்கிறது. அவர் மேல் கோபப்பட வேண்டாம். அதே சமயம் அந்தக் கேள்விக்கு நீங்கள் தலைகுனிந்து பதில் சொல்லவும் வேண்டாம்.

கூடப் படித்தவர்களோடு ஒப்பிடுவதைப் பற்றி ஒரே ஒரு விஷயம். 2023-இல் முழுநேர வேலையில் இருந்த பெண்களின் இடைநிலைச் சம்பளம் ஆண்களுடையதைவிட 14.3 விழுக்காடு குறைவு என்று மனிதவள அமைச்சு கணக்கிட்டது. வயது, படிப்பு, தொழில், துறை, வேலைநேரம் எல்லாவற்றையும் சமன்செய்து பார்த்த பிறகும் 6 விழுக்காடு இடைவெளி மிஞ்சியது. நிற்காமல் ஓடியவர்களுக்கும் இந்தக் கதிதான். லிங்க்ட்இன்னில் பதவி உயர்வைப் போட்டிருக்கும் உங்கள் தோழிகளில் எத்தனை பேர் எதை விட்டுக்கொடுத்து அங்கே நிற்கிறார்கள் என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருக்காது.

இனி பணம். கடைசிச் சம்பளத்தைச் சொன்னதைத் தவிர உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என்னிடம் வருகிற பெண்களில் பெரும்பாலோரும் இதைக் கேட்பதில்லை. இந்தப் பதிலில் நான் அதிக நேரம் செலவழிக்க விரும்புவது இதில்தான்.

4,500 வெள்ளிச் சம்பளத்துக்கு, ஓய்வுக்காலத்துக்காகச் சேரும் மத்திய சேமநிதிச் சந்தா 37 விழுக்காடு. உங்கள் பங்கு 20, முதலாளியின் பங்கு 17. மாதம் 1,665 வெள்ளி. நான்கு ஆண்டுக்கு, அதாவது 48 மாதத்துக்கு, 79,920 வெள்ளி. சம்பள உயர்வு, போனஸ், வட்டி எதையும் இதில் சேர்க்கவில்லை. இதில் முதலாளி மட்டும் போட்டிருக்கக்கூடியது 36,720 வெள்ளி. வேலையை விட்ட நாளில் "சம்பளம் போகிறது" என்று வீட்டில் பேசியிருப்பீர்கள். இந்த எண்பதாயிரத்தைப் பேசியிருக்க மாட்டீர்கள், ஏனென்றால் அது கைக்கு வருகிற பணம் இல்லை. ஆனால் 65 வயதில் மாதாமாதம் வரும் தொகையை முடிவு செய்வது அதுதான்.

வேலையை விட்டது நீங்கள் தனியாக எடுத்த முடிவா? இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பொது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடன் பொது. அந்த நான்கு ஆண்டில் உங்கள் கணவரின் சேமநிதி வழக்கம்போல் ஏறியது, சம்பளம் ஏறியது, அவருடைய ரெஸ்யூமேயில் ஓட்டை விழவில்லை. குடும்பம் சேர்ந்து எடுத்த முடிவின் செலவு உங்கள் கணக்கில் மட்டும் விழுந்திருக்கிறது. உங்கள் கணவர் நல்லவர்தான், சந்தேகமில்லை. யாரும் கேட்காததால் அது அப்படியே கிடக்கிறது.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. கணவர் தம் பணத்திலிருந்து உங்கள் சேமநிதியில் ஓய்வுக்காலத்துக்கென்று இருக்கும் சிறப்புக் கணக்கில் கட்டலாம். மனைவியின் முந்தைய ஆண்டு வருமானம் 8,000 வெள்ளியைத் தாண்டாமல் இருந்தால், அப்படிக் கட்டும் தொகைக்கு ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை அவருக்கு வருமான வரிச்சலுகை உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிற உங்கள் வருமானம் அந்த வரம்புக்குள்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சிறப்புக் கணக்குக்கு ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டி. இன்றைக்குப் போடும் 8,000 வெள்ளி, அந்த வட்டி நீடித்தால், உங்கள் 55 வயதில் 16,800 வெள்ளியைத் தாண்டும். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்: போட்ட பணத்தை ஓய்வுக்காலம் வரை திரும்ப எடுக்க முடியாது. அவசரச் செலவுக்கு வைத்திருக்கும் பணத்தை இதில் போடக்கூடாது.

வீட்டுக் கடனையும் ஒருமுறை பாருங்கள். நீங்கள் வேலையை விட்டதிலிருந்து தவணை அவருடைய சேமநிதியிலிருந்து மட்டும் போயிருக்கும். நாளைக்கு வீட்டை விற்றால், அவரவர் எடுத்த தொகை வட்டியோடு அவரவர் சேமநிதிக்குத் திரும்பும். அதாவது அங்கேயும் உங்கள் பங்கு சிறுத்துக்கொண்டே வருகிறது. சண்டை போடச் சொல்லவில்லை. தெரிந்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இதே மாதிரி இன்னொரு கணக்கும் நம் வீடுகளில் நடக்கிறது. மனைவி வேலைக்குத் திரும்பலாமா என்று பேசும்போது, அவளுடைய சம்பளத்திலிருந்து பணிப்பெண் சம்பளம், அவருக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வை, பராமரிப்பு நிலையக் கட்டணம், எம்ஆர்டி, மத்தியானச் சாப்பாடு எல்லாவற்றையும் கழிப்பார்கள். கடைசியில் ஒரு சின்னத் தொகை மிஞ்சும். "இதுக்கா இவ்வளவு அலைச்சல்" என்று பேச்சு முடிந்துவிடும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் செலவை ஏன் அம்மாவின் சம்பளத்தில் மட்டும் கழிக்க வேண்டும்? பாதியை அப்பாவின் சம்பளத்தில் கழித்துவிட்டு மறுபடி பாருங்கள், விடை மாறும். விட்டுப்போகிற வரவுகளும் இருக்கின்றன. அம்மா மாதம் 56 மணி நேரமாவது வேலை செய்தால், முழுநாள் குழந்தைப் பராமரிப்புக்கான அடிப்படை மானியம் 150 வெள்ளியிலிருந்து 300 வெள்ளியாகிறது. வேலைக்குப் போகும் தாய்க்கான வரிக்கழிவு, 2024-க்கு முன் பிறந்த சிங்கப்பூர்க் குடிமக்களான பிள்ளைகள் என்றால், முதல் பிள்ளைக்கு உங்கள் வருமானத்தில் 15 விழுக்காடு, இரண்டாவது பிள்ளைக்கு 20 விழுக்காடு. மேலே சொன்ன 17 விழுக்காட்டு முதலாளிப் பங்கும் இருக்கிறது. இவற்றையும் எழுதிப் பார்த்த பிறகுதான் அலைச்சலுக்குப் பலன் உண்டா இல்லையா என்று பேச வேண்டும்.

அரசாங்கத் திட்டங்கள் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 2024 மே மாதம் முதல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற திறன்மேம்பாட்டுத் திட்டத்தில் பயிற்சி வகுப்புகளுக்காக 4,000 வெள்ளி தருகிறார்கள். நல்ல தொகை, காலாவதியும் கிடையாது. ஆனால் 40 வயது நிரம்ப வேண்டும். வேலை தேடுவோருக்கு ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை கிடைக்கும் உதவி 2025 ஏப்ரலில் தொடங்கியது. அது ஆட்குறைப்பு போன்ற காரணங்களால் தம் விருப்பமின்றி வேலை இழந்தவர்களுக்கு. பிள்ளைக்காகத் தானாக விட்டவருக்கு இல்லை. பெண்களின் பாதை முப்பதிலிருந்து முப்பத்தாறுக்குள் வளைகிறது, கதவுகளோ நாற்பதில் திறக்கின்றன. 2022-இல் நாடாளுமன்றம் வரை வந்த பெண்கள் மேம்பாட்டு வெள்ளை அறிக்கையில் பராமரிப்பைப் பற்றி நல்ல விஷயங்கள் பல இருந்தன. தானாக வேலையை விட்ட முப்பத்தைந்து வயதுப் பெண் இன்னும் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில்தான் நிற்கிறாள். இதை நாடாளுமன்ற உறுப்பினர்களின் தொகுதிச் சந்திப்புகளில் கேட்க வேண்டும். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கு இப்போதே பயன்படக்கூடியது வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டங்கள். அதில் முதலில் ஒரு நிறுவனம் உங்களை வேலைக்கு எடுக்கும், பயிற்சி கொடுக்கும், பயிற்சிக் காலத்தில் சம்பளத்தின் ஒரு பகுதியை அரசாங்கம் நிறுவனத்துக்குத் தரும். 'படித்துவிட்டு வேலை தேடு' என்கிற வகுப்புகளைவிட இது உறுதியானது. சான்றிதழ்களை மட்டும் சேர்த்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். ஐந்து குறுகிய வகுப்புச் சான்றிதழ்களைவிட ஆறு மாத ஒப்பந்த வேலை ரெஸ்யூமேயில் கனமாக நிற்கும்.

சரி, பாலர் பள்ளியா மருத்துவமனையா?

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன்: இப்போது மருத்துவமனைக்கு விண்ணப்பியுங்கள். பாலர் பள்ளி வேலை தாழ்ந்தது என்று நினைத்துச் சொல்லவில்லை. நான்கு வயதுப் பிள்ளைக்குத் தமிழைக் காதால் பழக்கிவிடுவது எவ்வளவு பெரிய வேலை என்று, வீட்டில் தமிழ் குறைந்துவரும் நம் குடும்பங்களுக்குத் தெரியும். காரணம் வேறு. கற்பித்தல் கதவு நாற்பதிலும் நாற்பத்தைந்திலும் திறந்தே இருக்கும், பிள்ளை வளர்த்த அனுபவம் அங்கே கூடுதல் மதிப்பு. மருத்துவ ஆய்வு அப்படியில்லை. விதிமுறைகளும் மென்பொருள்களும் மாறிக்கொண்டே இருப்பதால் இடைவெளி நான்கு ஆண்டு என்றால் நேர்காணலில் விளக்கிவிடலாம், ஏழெட்டு ஆண்டு ஆனால் கீழிருந்து தொடங்கச் சொல்வார்கள். மூடக்கூடிய கதவைத்தான் முதலில் தட்ட வேண்டும்.

நிரந்தர வேலையாகத் தேடாமல், பேறுகால விடுப்பில் போகிறவருக்குப் பதிலாக எடுக்கும் ஒப்பந்த வேலைகளைக் கேளுங்கள். மருத்துவ ஆய்வுப் பிரிவுகளில் பெண்கள் அதிகம், அதனால் இந்த வகை ஒப்பந்தங்கள் வந்துகொண்டே இருக்கும். பல சமயம் விளம்பரமே வராது. உங்கள் பழைய மேலாளருக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள். நான்கு ஆண்டாகப் பேசவில்லையே என்று கூச்சப்படாதீர்கள். "அக்கா, பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்துவிட்டார்கள், வேலைக்குத் திரும்பப் பார்க்கிறேன், குறுகிய ஒப்பந்தமாக இருந்தாலும் சரி" என்று மூன்று வரி போதும். அவர் சீனரோ மலாய்க்காரரோ என்றாலும் விஷயம் அதேதான்.

ரெஸ்யூமேயில் "2021 முதல் இல்லத்தரசி" என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அதை எடுத்துவிடுங்கள். வெட்கப்பட வேண்டிய சொல் என்பதால் இல்லை, அது வாசிப்பவருக்கு எந்தத் தகவலும் தருவதில்லை. அந்த இடத்தில் இப்படிப் போடலாம்: "2021 முதல்: குடும்பப் பராமரிப்புக்காக இடைவெளி. இக்காலத்தில் தொடக்கநிலை மாணவர்களுக்கு அறிவியலும் தமிழும் கற்பித்தல். ஜிசிபி சான்றிதழ் இந்த ஆண்டு புதுப்பிக்கப்பட்டது." ஜிசிபி, அதாவது நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறைக்கான சான்றிதழ், இணையத்திலேயே முடித்துவிடக்கூடியது. விண்ணப்பிக்கும் முன் முடித்துவிடுங்கள். பக்கத்தின் மேல்பாதியை மருத்துவமனை அனுபவத்துக்குக் கொடுங்கள். "ஆய்வுகளை ஒருங்கிணைத்தேன்" என்று பொதுவாக எழுதினால் போதாது. ஒரே நேரத்தில் எத்தனை ஆய்வுகளைக் கையாண்டீர்கள், நோயாளிகளிடம் ஒப்புதல் படிவத்தை யார் விளக்கினார்கள், பாதகமான விளைவுகளை எத்தனை மணி நேரத்துக்குள் அறிவித்தீர்கள், நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்தை நீங்களே தயாரித்தீர்களா, இவற்றைத்தான் எடுப்பவர்கள் தேடுவார்கள். 2015-இல் வந்த மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் படிப்படியாக நடப்புக்கு வந்தபோது நீங்கள் அந்தத் துறையிலேயே இருந்திருக்கிறீர்கள். அதன்படி நடைமுறைகளை மாற்றிய அனுபவம் இருந்தால் அதை எழுதாமல் விடாதீர்கள். தமிழ் மட்டும் பேசும் முதிய நோயாளிகளுக்கு ஒப்புதல் படிவத்தை அவர்களுக்குப் புரியும்படி விளக்கியிருந்தால், அதற்குத் தனி வரி கொடுங்கள்.

"இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்" என்று நேர்காணலில் கேட்பார்கள். இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லி நிறுத்துங்கள். "பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேலையை நிறுத்தினேன். இப்போது அவர்களுக்கு ஏற்பாடு ஆகிவிட்டது, என் சான்றிதழையும் புதுப்பித்திருக்கிறேன்." அதற்கு மேல் விளக்கம் கொடுக்கக் கொடுக்க மன்னிப்புக் கேட்பதுபோல் ஆகிவிடும். அடுத்த பிள்ளை பெறும் எண்ணம் உண்டா, கணவர் என்ன வேலை என்று கேட்டால், வேலைக்குத் தொடர்பில்லாத குடும்ப விவரங்களை முதலாளிகள் கேட்கக்கூடாது என்பது நியாயமான வேலைநியமன நெறிமுறை. 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் திருமண நிலை, கருவுற்றிருப்பது, பராமரிப்புப் பொறுப்பு ஆகியவற்றையும் பாதுகாக்கப்பட்ட காரணங்களாகச் சேர்த்திருக்கிறது. சட்டம் நடப்புக்கு வரும்போது, 25 பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு.

நீக்குப்போக்கான வேலைநேரம் பற்றி ஒரு எச்சரிக்கை. 2024 டிசம்பர் 1 முதல், சோதனைக் காலம் முடித்த எந்த ஊழியரும் முறைப்படி கேட்கலாம், முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். கேட்கும் உரிமைதான் அது, கிடைக்கும் என்ற உறுதி இல்லை. சோதனைக் காலத்தில் அதுவும் இல்லை. ஆகவே வேலையை ஏற்கும் முன்பே, அந்தப் பிரிவில் இருப்பவர்கள் உண்மையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள் என்று விசாரியுங்கள். எச்ஆர் சொல்வதைவிட அங்கே வேலை செய்யும் ஒருவர் சொல்வது சரியாக இருக்கும்.

மருத்துவமனை கிடைக்கவில்லை, அல்லது போய்ப் பார்த்துவிட்டு மனம் கற்பித்தலில்தான் இருக்கிறது என்று தெரிகிறது என்றால், அதை 'சும்மா இருப்பதற்கு இது' என்று எடுக்காதீர்கள். பகுதிநேரமாகத் தொடங்கினாலும் பாலர் கல்விக்கான பட்டயத்தைச் சேர்த்துப் படியுங்கள். சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே தமிழ்மொழி, இலக்கியத்தில் பட்டம் படிக்கிற தாய்மார்கள் இருக்கிறார்கள். நடுவயதில் ஆசிரியப் பணிக்கு வருபவர்களுக்குக் கல்வி அமைச்சு சம்பளத்தோடு தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி கொடுக்கிறது. படிப்பை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று விதி இல்லை. முன்னாள் அதிபர் ஹலிமா யாக்கோப் சட்டப் பட்டம் வாங்கியது 1978-இல், சட்டத்தில் முதுகலை முடித்தது 2001-இல். இடையில் தொழிற்சங்க வேலையும் ஐந்து பிள்ளைகளும்.

இதை வாசிக்கும் வேறு சிலருக்காக இரண்டு விஷயம். இங்கே வேலை செய்பவரின் மனைவி என்ற முறையில் டிபென்டன்ட் பாஸில் வந்திருக்கும் பொறியியல் பட்டதாரிப் பெண்கள் பலர், ஊரில் இருந்த அக்காமார் சொன்னதை நம்பி வருகிறார்கள். 2021 மே மாதத்துக்கு முன் இசைவுக் கடிதம் வாங்கி வேலை செய்ய முடிந்தது. இப்போது உங்களுக்கென்று தனி வேலை அனுமதி வேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்றால் 2025 முதல் குறைந்தது 5,600 வெள்ளிச் சம்பளம், வயது கூடக்கூட இன்னும் அதிகம். கல்யாணத்துக்கு முன்பே இதைத் தெரிந்துகொண்டு, ஊரில் இருக்கும் வேலையை விடுவதா, இங்கிருந்து வேலை கிடைத்த பிறகு வருவதா என்று முடிவு செய்யுங்கள். மணம் முடிக்காத பெண்களுக்கு: உங்கள் பாதை வளையாது என்று எல்லோரும் நினைக்கிறார்கள், அப்பா அம்மா படுக்கையில் விழுந்ததும் அண்ணன்மார் உங்களைத்தான் பார்ப்பார்கள். "உனக்கென்ன, குடும்பமா இருக்கு" என்பார்கள். யார் பணம், யார் நேரம் என்பதை அப்பா அம்மா திடமாக இருக்கும்போதே உடன்பிறந்தவர்களோடு பேசிவிடுங்கள்.

மறுபடி உங்களுக்கு. கணவரோடு பேசும்போது மூன்றே விஷயத்தை மேசைமேல் வையுங்கள்: மாணவர் பராமரிப்பு நிலையத்துக்கு யார் போய்ப் பதிவது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் விடுப்பு எடுப்பது, உங்கள் சேமநிதிக்கு எவ்வளவு கட்டுவது. ஏழு வயதுக்குக் கீழ் பிள்ளை இருக்கும்வரை ஆண்டுக்கு ஆறு நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு, குடிமக்களான பிள்ளைகள் என்றால், அவருக்கும் தனியாக உண்டு. சின்னவன் இருக்கிறான், அதனால் இன்னும் சில ஆண்டுகளுக்கு அது கைவசம் இருக்கும். 79,920 என்ற எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள், குரலை உயர்த்த வேண்டிய தேவையே வராது. வரிச்சலுகை டிசம்பர் 31-க்குள் கட்டும் தொகைக்குத்தான். பதின்மூன்றாம் மாதச் சம்பளம் வந்து, அது வேறு செலவுக்குப் போவதற்குள் பேசிவிடுங்கள்.